பழைய கைத்துப்பாக்கியும் வெள்ளெழுத்தும்

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஒரு காலை வரும். அன்று நாள் பார்ப்பதற்காகப் பஞ்சாங்கத்தைக் கையில் எடுப்பார்கள். எழுத்துகள் எறும்பு ஊர்வன போலத் தோன்றும். பஞ்சாங்கத்தைச் சற்றே தள்ளிப் பிடிப்பார்கள், தெளியும். சில திங்கள் சென்றபின் இன்னுஞ் சற்றுத் தள்ளிப் பிடிக்க வேண்டிவரும். இப்படித் தள்ளித் தள்ளி ஒரு நாள் கை முற்றாக நீண்டுவிடும். அதற்கப்பால் நீட்டுவதற்குக் கை இல்லை. அன்றுதான் மூக்குக்கண்ணாடிக் கடையின் படியை மிதிப்பார்கள். எனக்கு அந்த நாள் நாற்பத்து மூன்றாம் வயதில் வந்தது.

படிப்பவனுக்குக் கையை நீட்டிப் பார்க்கும் ஆறுதலாவது உண்டு. கையை முற்றாக நீட்டிய பின்பே தன் தொழிலைத் தொடங்குபவன் ஒருவன் இருக்கிறான். அவன் கைத்துப்பாக்கியால் இலக்கைச் சுடுபவன். அவன் பார்க்க வேண்டிய பொருள் கையின் நுனிக்கும் அப்பால், குழலின் முனையில் நிற்கிறது. வெள்ளெழுத்து வந்ததும் அவன் என் செய்வான்?

இக்கேள்வியை முதலில் எழுப்பியவன் நானல்லன். என் வகுப்பு மாணவன் ஒருவன். வில்லைகளைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் துருக்கி நாட்டு வீரர் யூசுப் டிக்கெச் ஒரு கையைக் காற்சட்டைப் பையில் இட்டபடி, சாதாரண மூக்குக்கண்ணாடியோடு நின்று சுட்டதை அவன் தொலைக்காட்சியிற் கண்டிருந்தான். அதே போட்டியிற் கொரிய நாட்டு வீராங்கனை கிம் யேஜி இயந்திர மனிதரைப் போன்ற விசித்திரமான கண்ணாடி அணிந்து நின்றதையும் கண்டிருந்தான். “சேர், இருவருக்கும் வெள்ளிப்பதக்கம் கிடைத்ததே, அப்படியானால் அந்தப் பெரிய கண்ணாடி எதற்கு? அந்த மனிதருக்கு 51 வயதாம். உங்களைப் போலத்தானே அவருக்கும் கிட்டப் பார்வை குறைந்திருக்கும்?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நான் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த பாடவேளையில் விடை தருவதாகச் சொன்னேன். அந்த விடையைத் தேடிப் புறப்பட்டவன், நூறு நூற்றைம்பது ஆண்டுப் பழைமையுடைய அமெரிக்கக் கைத்துப்பாக்கிகளின் நடுவிற் போய் நின்றேன்.

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு திடுக்கிடும் வீடுகள் நம்மிடையே பல உள. அதனை நான் அறியாதவனல்லன். ஆயுதத்தின் பெருமை பேசுவது இங்கே நோக்கமன்று. அரை மில்லிமீற்றர் உலோகத்துக்கும் மனிதக் கண்ணுக்கும் இடையே நடக்கும் வழக்கையே எழுதப் புகுந்தேன். ஒளியியலும் வடிவொத்த முக்கோணிகளும் கற்கும் மாணவர்க்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதிற் கிடைக்காது.

கைத்துப்பாக்கியிற் குறிபார்க்கும் உறுப்புகள் இரண்டு. குழலின் நுனியில் மேல்நோக்கி நிற்கும் சிறு தகடு ஒன்று. அதனை முன்குறி என்போம். சுடுபவனுக்கு அண்மையில், துப்பாக்கியின் பின்புறத்தில் ஒரு வெட்டுப் பள்ளம். அதனைப் பின்குறி என்போம். பள்ளத்தின் நடுவே தகடு நிற்க வேண்டும். தகட்டின் தலையும் பள்ளத்தின் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அந்தத் தகட்டின் தலைமேல் இலக்கு அமர வேண்டும். சொல்வதற்கு எளிது. ஆனால் பின்குறி கண்ணிலிருந்து ஏறக்குறைய 60 சென்ரிமீற்றரிலும், முன்குறி ஏறக்குறைய 80 சென்ரிமீற்றரிலும், இலக்கு 25 மீற்றரிலும் உள்ளன. கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தூரத்தையே கூர்மையாகக் காண வல்லது. மூன்றில் இரண்டு மங்கியே தீரவேண்டும். எந்த இரண்டை மங்கவிடுவது?

இவ்விடத்தில் நம்மவர்க்குத் துரோணாசாரியரின் தேர்வு நினைவுக்கு வரும். மரக்கிளையில் ஒரு செயற்கைப் பறவையை வைத்து, என்ன தெரிகிறது என்று மாணாக்கரை ஒவ்வொருவராகக் கேட்டார். மரம் தெரிகிறது, கிளை தெரிகிறது, தாங்களும் தெரிகிறீர்கள் என்றவர்களை ஒதுக்கிவிட்டு, பறவையன்றி வேறொன்றும் தெரியவில்லை என்ற அருச்சுனனையே அம்பு எய்யப் பணித்தார். வில்லுக்கு அது பொருந்தும். கைத்துப்பாக்கி பயிற்றும் ஆசிரியரிடம் அருச்சுனன் அதே விடையைச் சொல்லியிருந்தால் அவனுக்குத் தேர்வு தவறியிருக்கும்! பறவை மங்கலாகத் தெரிகிறது, குழலின் நுனியிலுள்ள தகடு மட்டுமே கூர்மையாகத் தெரிகிறது என்பதே அங்கே சரியான விடை.

காரணம் கணக்கில் இருக்கிறது. குறிகள் இரண்டுக்கும் இடையே 20 சென்ரிமீற்றர் இருப்பதாகக் கொள்வோம். இலக்கு 25 மீற்றரில் நிற்கிறது. 25 மீற்றரை 20 சென்ரிமீற்றரால் வகுத்தால் 125 வரும். முன்குறி பள்ளத்தின் நடுவிலிருந்து ஒரேயொரு மில்லிமீற்றர் விலகினால், இலக்கிற் குண்டு 125 மில்லிமீற்றர் விலகும். அதாவது ஒரு சாண் அகலத்தில் அரைக்கு மேல். மாறாக, இரண்டு குறிகளும் ஒழுங்காக நிற்க, முழுக் கையும் ஒரு சென்ரிமீற்றர் பக்கவாட்டில் நகர்ந்தால், இலக்கிலும் ஒரு சென்ரிமீற்றரே பிழை. கை நடுங்குவதைப் பற்றிக் கவலைப்படும் புதியவன், கவலைப்பட வேண்டிய இடத்தை விட்டுவிடுகிறான். ஆகவே, முன்குறி தெளிவாகத் தெரியாத கண் எவ்வளவு திடமான கையோடு கூடியிருந்தாலும் பயனில்லை.

இனிப் பழைய துப்பாக்கிக்கு வருவோம். சாமுவேல் கோல்ற் 1814இல் அமெரிக்காவின் ஹாட்போட் நகரிற் பிறந்தவர். பதினாறாம் வயதில், 1830ஆம் ஆண்டில், ‘கோர்வோ’ என்னும் பாய்க்கப்பலிற் பொஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் பயணஞ் செய்தார். அந்நெடும் பயணத்திலேயே சுழலும் உருளையையுடைய துப்பாக்கியின் மாதிரியை மரத்திற் செதுக்கினார் என்பர். 1836இல் அமெரிக்காவில் அதற்கு உரிமம் பெற்றார். வங்காள விரிகுடாவை நோக்கி வந்த கப்பலில் ஒரு சிறுவன் பேனாக்கத்தியால் மரத்தைச் சீவிக்கொண்டிருந்தான் என்பதை நினைக்கையில், உலகம் எவ்வளவு சிறியது என்று தோன்றுகிறது.

அவர் 1851இல் வெளியிட்ட ‘நேவி’ என்னும் கைத்துப்பாக்கி பெரும்புகழ் பெற்றது. அதன் பின்குறி எங்கே இருக்கிறது தெரியுமா? சுத்தியலின் உச்சியில்! சுத்தியலைப் பின்னே இழுத்து நிறுத்தும்போதுதான் அந்தச் சிறு வெட்டு கண்முன் எழும். விசையை அழுத்தியவுடன் முன்னே பாய்ந்து மறைந்துவிடும். அசையும் உறுப்பின்மேற் குறியை அமைப்பது, ஆடும் கதவின்மேல் ஆணியடித்துப் படம் மாட்டுவதைப் போன்றது. சுத்தியல் தன் இருப்பிடத்தில் மயிரிழை ஆடினாலும் பின்குறியும் உடன் ஆடும். முன்குறியோ பித்தளையாலான ஒரு சிறு மணி; உயரங் குறைந்தது. இதனால் அத்துப்பாக்கி அண்மையிலுள்ள இலக்கிற் பார்த்த இடத்துக்கு மேலேயே அடிக்கும். இப்பழக்கம் அதற்கு இன்றும் உண்டு. ‘வைல்ட் பில்’ என்று பெயர்பெற்ற ஜேம்ஸ் பட்லர் ஹிக்கொக் இவ்வகைத் துப்பாக்கியையே விரும்பி வைத்திருந்தார். 1865 யூலை 21இல், மிசூரி மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரச் சதுக்கத்தில், ஒரு கடிகார வழக்கின் முடிவாக, ஏறக்குறைய 75 யார் தூரத்தில் நின்ற டேவிஸ் டட் என்பவரை ஒரே குண்டாற் சுட்டு வீழ்த்தினார். பணையம் வைத்த கடிகாரத்துக்காக ஓர் உயிர். திரைப்படங்கள் இதனை வீரம் என்று காட்டும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் அந்தச் சின்னஞ்சிறு பித்தளை மணியை அத்தூரத்தில் ஒரு மனிதன்மேற் பொருத்திப் பார்க்க 28 வயதுக் கண்ணுக்கு இயன்றது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

1873இல் அமெரிக்கப் படைக்கென வந்த மற்றொரு கோல்ற் இன்னும் புகழ்வாய்ந்தது. அதிற் சுத்தியல்மேல் வெட்டில்லை. துப்பாக்கியின் உடலின் மேற்புறத்தில் நெடுக ஓடும் ஒடுங்கிய பள்ளமே பின்குறி. முன்குறி அரைவட்ட வடிவிலமைந்த மெல்லிய தகடு. இரண்டும் அசையா. உறையிலிருந்து உருவும்போது எதிலும் சிக்காது; குதிரையிலிருந்து விழுந்தாலும் முறியாது. படைவீரனுக்கு அது நன்மை. ஆனால் குண்டு வேறிடத்திற் போய் விழுந்தால், திருப்புவதற்கு அதில் ஓர் ஆணிகூட இல்லை.

குண்டு ஏன் வேறிடத்தில் விழ வேண்டும்? இதற்கான விடை என் மாணவர்களை வியக்க வைத்தது. முதலில் என்னையும் வியக்க வைத்தது. மருந்து பற்றிய கணத்திலேயே துப்பாக்கி பின்னோக்கி உதைக்கத் தொடங்குகிறது. கைப்பிடி குழலுக்குக் கீழே இருப்பதால் அந்த உதை குழலின் நுனியை மேலே தூக்குகிறது. குண்டு இன்னும் குழலுக்குள்ளேயே இருக்கிறது. அது வெளியேறும் கணத்திற் குழல் எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ, அதுவே அதன் திசை. வேகங்குறைந்த கனத்த குண்டு குழலுக்குள் நெடுநேரம் தங்கும். ஆதலால் உயரமாக அடிக்கும். விரைந்து செல்லும் இலேசான குண்டு குழல் உயருமுன் வெளியேறிவிடும். ஆதலால் தாழ அடிக்கும். வேகமான குண்டே உயரப்போகும் என்று நாம் எண்ணுவதற்கு இது நேர்மாறு! துப்பாக்கி செய்தவர்கள் ஒரு குறித்த எடையுள்ள குண்டை மனத்திற்கொண்டே முன்குறியின் உயரத்தை அமைத்தார்கள். வாங்கியவர் வேறு குண்டு இட்டார், குறி பிழைத்தது.

திருத்துவது எப்படி? முன்குறியின் உயரத்தை மாற்ற வேண்டும். குண்டு தாழ விழுந்தால் முன்குறியை அராவிக் குறைக்க வேண்டும். குட்டையான தகட்டைப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவரச் சுடுபவன் குழலின் நுனியைத் தானாகவே உயர்த்துவான். குண்டு உயர விழுந்தால் முன்குறியை உயர்த்த வேண்டும். எவ்வளவு? மேலே கண்ட 125 என்ற எண்ணே வழிகாட்டி. 25 மீற்றரில் 10 சென்ரிமீற்றர் தாழ அடிக்கும் துப்பாக்கிக்கு, 100 மில்லிமீற்றரை 125ஆல் வகுத்தால் 0.8 மில்லிமீற்றர். அவ்வளவே! அரத்தின் சில இழுப்புகள். ஒரேயடியாக அராவாமல், சிறிது அராவிச் சுட்டுப் பார்த்து, மறுபடியும் சிறிது அராவிச் சுட்டுப் பார்ப்பதே துப்பாக்கித் தச்சரின் முறை. அரிசியிற் கல் பொறுக்கும் பொறுமை வேண்டும். கூடுதலாக அராவியது திரும்பி வராது.

1873ஆம் ஆண்டுத் துப்பாக்கிக்குப் பெரும்பாலும் இந்த அரமே போதும்; முன்குறி உயரமாக இருப்பதால் அராவுவதற்கு இடமுண்டு. 1851ஆம் ஆண்டினதற்கோ நேர்மாறான வைத்தியம். அதன் பித்தளை மணியை எடுத்துவிட்டு, ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீற்றர் உயரங்கூடிய தகட்டை வைக்க வேண்டும். சிலர் ஈயப்பற்று வைத்து ஒட்டுவர். சிலர் குழலின் மேற்புறத்திற் குறுக்கே பள்ளம் வெட்டி, தச்சர் புறாவால் மூட்டுப் போடுவது போலத் தகட்டைச் செருகுவர். அதனைப் பக்கவாட்டில் தட்டி நகர்த்தவும் முடியும். ஆனால் வெடியழுத்தத்தைத் தாங்கும் குழலிற் பள்ளம் வெட்டுவது பயிற்சி பெற்ற துப்பாக்கித் தச்சருக்கே உரிய வேலை.

உயரம் ஒருபுறம் இருக்க, வடிவத்தின் கதை தனிக்கதை. அரைவட்டத் தகட்டின் வளைந்த தலையில் வெயில் பட்டால் அது பளபளக்கும். வெயில் இடப்பக்கமிருந்து வந்தால் இடவிளிம்பு மட்டும் ஒளிரும். கண் அந்த ஒளிரும் விளிம்பையே தகடு என்று கொண்டுவிடும். குறி வலப்புறம் விலகும். இதற்குச் சுடுபவர் கண்ட பழைய மருந்து என்ன என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கற்பூரம்! ரவைகளை நீக்கிவிட்டு, கற்பூரத்தைக் கொளுத்தி அதன் புகையிற் குறிகளைக் காட்டுவார்கள். மெல்லிய கரி படிந்து பளபளப்பு முற்றாக மறையும். நமது வீட்டுத் தீபத்தட்டில் அன்றாடம் படியும் கரி, மேலைநாட்டுச் சுடுகளத்தில் இத்தொண்டு செய்திருக்கிறது. வேலை முடிந்ததும் துணியால் துடைத்துவிடலாம்.

1890களில், மசாச்சுசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த பட்றிஜ் என்னும் சுடுவீரர் வளைவையே ஒழித்துவிட்டார். தட்டையான தலையும் நேரான பக்கங்களும் உடைய தடித்த முன்குறி. அதற்கேற்ற சதுரப் பள்ளம் பின்குறி. பள்ளத்தில் தகடு நிற்கும்போது இருபுறமும் இரண்டு வெளிச்சக் கீற்றுகள் தெரியும். இரண்டும் சம அகலமாக இருந்தால் தகடு நடுவில் நிற்கிறது. மனிதக் கண் ஒரு பொருளின் நடுவைக் கணிப்பதில் தவறினாலும், இரண்டு கீற்றுகளின் அகலத்தை ஒப்பிடுவதில் மிக வல்லது. இந்த உண்மையை அவர் பிடித்துக்கொண்டார். இன்று உலகெங்கும் இலக்குத் துப்பாக்கிகளில் நின்று நிலைத்திருப்பது அவருடைய சதுரமே. பாவம், அவர் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக் கௌதாரியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகவே எழுதுபவர் பலர். துரோணரின் பறவை இங்கே வந்து சேர்ந்துவிட்டது போலும்!

கோல்ற் தொழிலகமும் வாளாவிருக்கவில்லை. 1880களின் இறுதியில், 1873ஆம் ஆண்டுத் துப்பாக்கியின் பள்ளத்தை நீக்கி, உடலின் மேற்புறத்தைத் தட்டையாக்கி, அசைக்கத்தக்க பின்குறியைப் பொருத்தி, இலக்குச் சுடுவோருக்கென ஒரு வகையை வெளியிட்டது. ஆயிரத்துக்கும் குறைவாகவே அது செய்யப்பட்டது. 1894இல் வந்த ‘பிஸ்லி’ வகை, இங்கிலாந்தில் 1890 முதல் தேசியச் சுடுபோட்டிகள் நடந்துவரும் பிஸ்லிக் களத்தின் பெயர் தாங்கியது. அக்காலத்துக் கைத்துப்பாக்கி வீரர்களுள் வோல்டர் வினன்ஸ் வேடிக்கையான மனிதர். இரசியாவிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த அமெரிக்கர். 1901இற் கைத்துப்பாக்கிக் கலைபற்றி நூல் எழுதினார். 1908 ஒலிம்பிக்கிற் சுடுதலுக்கும், 1912 ஒலிம்பிக்கிற் சிற்பத்துக்கும் தங்கப்பதக்கம் பெற்றார். சிற்பியின் கண்ணும் சுடுபவனின் கண்ணும் ஒன்றாக வாய்த்த அத்தகையவர் வேறு எவரையும் நான் அறியேன்.

இருண்ட பின்னணியிற் கறுப்புத் தகடு மறைந்துவிடும். அதற்காகத் தகட்டின் முகத்திற் பொன் மணி ஒன்றைப் பதிக்கும் வழக்கம் எழுந்தது. மொன்டானா மாநிலத்து எட் மக்கிவேர்ன் பொன்மணி முன்குறியை விரும்பியவர். 1874இற் பிறந்த இவர், 1932இல் ஐந்து குண்டுகளை 0.45 வினாடியில் ஒரே இடத்திற் குவியச் சுட்டார். அப்போது அவருக்கு 57 வயது. பொன் மணி எவ்வளவு மங்கிய ஒளியையும் திரட்டிக் கண்ணுக்கு அனுப்பும். இக்காலத்திற் பொன்னுக்குப் பதிலாக வெள்ளை அல்லது செம்மஞ்சள் வண்ணத்தை ஒரு பொட்டாக வைத்துவிடுகிறார்கள். நகப்பூச்சும் போதும். வேண்டாதபோது அழித்துவிடலாம்.

அழித்துவிடலாம் என்ற சொல்லில் ஒரு வழக்கு மறைந்திருக்கிறது. மாற்றப்படாத 1851ஆம், 1873ஆம் ஆண்டுத் துப்பாக்கிகள் இப்போது பழம்பொருள்கள். சேர்ப்போர் அவற்றுக்குப் பெரும்பொருள் கொடுக்கின்றனர். முன்குறியை ஒரு மில்லிமீற்றர் அராவிய கணத்திலேயே அதன் மதிப்பில் ஒரு பெரும்பங்கு உதிர்ந்து போகிறது. எனது பொருள், என் கண்ணுக்கேற்ப அமைப்பேன் என்கிறார் சுடுபவர். நூற்றைம்பது ஆண்டு வாழ்ந்த பொருளை நீ முப்பது ஆண்டு வைத்திருக்கப் போகிறாய், அதற்குள் அதன் முகத்தை ஏன் சிதைக்கிறாய் என்கிறார் சேர்ப்பவர். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதாகச் சிலர் சொல்லி நழுவுவர். நான் நழுவ விரும்பவில்லை. ஏட்டுச்சுவடியின் ஓரம் கைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று கத்தரித்தவர்களால் நாம் இழந்தவை போதும். பழம்பொருளில் அரம் படலாகாது. சுட்டு மகிழ விரும்புவோருக்கு அதே வடிவில் இக்காலத்திற் செய்த மறுபடைப்புகள் உள. அவற்றை மனம்போல அராவட்டும். மருந்தும் குண்டும் வெவ்வேறாக இட்டுச் சுடும் பழைய துப்பாக்கிகளுக்கான அனைத்துலகப் போட்டிகளிலும், 25 மீற்றர் இலக்கில், மூலத் துப்பாக்கிகளுக்கும் மறுபடைப்புகளுக்கும் தனித்தனிப் பிரிவுகளே வைத்திருக்கிறார்கள்.

அப்படியாயின் வெள்ளெழுத்துக்காரனுக்கு வழி என்ன? துப்பாக்கியை விட்டுவிட்டுக் கண்ணைத் திருத்துவதே வழி. ஒல்லாந்துக் கண்மருத்துவ அறிஞர் டொண்டர்ஸ் 1864இல் வெளியிட்ட நூலில், வயதுக்கு ஏற்பக் கண்ணின் கிட்டிய பார்வை எப்படித் தேய்கிறது என்று காட்டினார். பத்து வயதிற் கண் 7 சென்ரிமீற்றர் வரை அண்மையிற் கூர்மையாகக் காணும். நாற்பதில் அது 22 சென்ரிமீற்றர் ஆகிறது, ஐம்பதில் 40, அறுபதில் ஒரு மீற்றர். முன்குறி நிற்பதோ 80 சென்ரிமீற்றரில். ஆகவே அறுபதை அடைந்தவனுக்கு எவ்வளவு முயன்றாலும் அது தெளியாது. ஐம்பதிலும், முயன்று காண முடிந்தாலும், கண் விரைவிற் களைத்துவிடும்.

படிப்பதற்கு அணியும் கண்ணாடி இங்கே உதவாது. அது 35, 40 சென்ரிமீற்றருக்கு அமைந்தது. அதை அணிந்தால் முன்குறியும் மங்கும், இலக்கு முற்றாகக் கரையும். தூரப்பார்வைக் கண்ணாடியும் உதவாது. இலக்குத் தெளியும், முன்குறி மங்கும். இரண்டுக்கும் நடுவே, படிக்கும் கண்ணாடியினும் குறைந்த குவிவு வலுவைக் கூட்டி, முன்குறி நிற்கும் தூரத்துக்கென்றே ஒரு கண்ணாடி செய்துகொள்ள வேண்டும். கண் மருத்துவரிடம் சென்று, படிக்கும் தூரத்தைச் சொல்லாமல், நீட்டிய கைக்கு அப்பாலுள்ள தூரத்தை நூல் பிடித்து அளந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான். துருக்கி வீரருடைய கண்ணாடி என்ன வலுவுடையதோ நான் அறியேன். சாதாரணச் சட்டத்துக்குள்ளும் இத்தகைய வில்லையைப் பொருத்தலாம் என்பதை மட்டும் மாணவனுக்குச் சொன்னேன். கொரிய வீராங்கனையினது போன்ற கண்ணாடிச் சட்டத்தில், ஒரு கண்ணுக்கு வில்லையையும் வேண்டுமாயின் ஒளியைச் சுருக்கும் துவாரத்தையும் வைக்கலாம். மற்றக் கண்ணுக்கு முன்னே ஒரு மறைப்பும் இருக்கும்.

டப்ளின் நகரத்துச் சேர் ஹவார்ட் கிறப் 1900ஆம் ஆண்டில் வேறொரு வழியைக் கண்டார். அவர் தொலைநோக்கி செய்பவர். சாய்ந்த கண்ணாடித் தகட்டில் ஒளிபெற்ற ஒரு குறியைத் தெறிக்கச் செய்து, அது முடிவிலித் தூரத்தில் மிதப்பது போலக் காட்டினார். இலக்கும் குறியும் ஒரே தூரத்தில் இருப்பன போலாகிவிட, கண்ணுக்கு ஒரு வேலையே எஞ்சியது. மூன்றில் இரண்டை மங்கவிட வேண்டும் என்ற பழைய சிக்கல் அங்கே அவிழ்ந்தது. இன்று மின்கலத்தால் இயங்கும் செம்புள்ளிக் குறிகள் எல்லாம் அதன் வழித்தோன்றல்களே. முதிர்ந்த கண்ணுக்கு இதைவிடச் சுகமானது இல்லை என்பர். ஆனால் 1873ஆம் ஆண்டுத் துப்பாக்கியின் முதுகிலே துளையிட்டு அதனைத் திருகாணியாற் பூட்டுவதை நினைத்தாலே எனக்குக் கூசுகிறது. கற்சிலைக்குக் கைக்கடிகாரம் கட்டுவது போல.

எஞ்சியது எல்லாவற்றிலும் எளியது, செலவில்லாதது. மூக்குக்கண்ணாடியின்மேல் ஒரு சிறு கறுப்புத் தாளை ஒட்டி, குறிபார்க்கும் கண்ணுக்கு நேரே ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீற்றர் துளை இட வேண்டும். துளை ஒடுங்கினால் உட்புகும் ஒளிக்கற்றை ஒடுங்கும். மங்கற் பொட்டும் சிறுக்கும். பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றும் ஓரளவு தெளியும். புகைப்படக்காரர் துவாரத்தைச் சுருக்கி அண்மையையும் சேய்மையையும் ஒருங்கே பிடிக்கும் அதே தந்திரம். வெளிச்சம் குறையும் என்பதே இதன் குறை. அந்தியில் இது பயன்படாது.

அடுத்த பாடவேளையில் இதை மாணவர்க்குக் காட்டத் துப்பாக்கி தேவைப்படவில்லை. பெருவிரலைக் கையின் நீளத்துக்கு நீட்டி, அதன் நகத்தையும் சாளரத்துக்கு அப்பாலுள்ள பனையின் வட்டையும் மாறி மாறிப் பார்க்கச் சொன்னேன். ஒன்று தெளிய மற்றது இரட்டித்து மங்குவதை ஒவ்வொருவரும் கண்டனர். பின்னர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அப்பியாசக் கொப்பியின் மட்டையிற் குண்டூசியால் இட்ட துளையினூடே பார்த்தனர். கேள்வி கேட்ட மாணவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “சேர், உங்கள் கண்ணுக்கும் இது வேலை செய்யுமா?” என்றான்.

மட்டையை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாலையில், வெளிவிறாந்தையில் வெயில் சாயுமுன், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பஞ்சாங்கத்தை ஒரு சாண் அண்மையிற் பிடித்து அத்துளையினூடே பார்த்தேன். சொல் சொல்லாக நகர்த்த வேண்டியிருந்தது. ஆயினும் எழுத்துக் கறுப்பாக நின்றது. மறுநாள் ஏகாதசி என்றிருந்தது. உள்ளே திரும்பி அதைச் சொன்னேன்.